மோடமும் ரவுட்டரும்: இரண்டு டப்பாவில் யார் சொல் நிற்பது?

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து மச்சான் கூப்பிட்டார். "மாப்ளே, புது ரவுட்டர் ஒன்னு வாங்கிப்போட்டேன். நெட்காரங்க குடுத்த டப்பாவுலயும் ஒயிஃபை வருது, இதுலயும் வருது. ஆனா இதுல நெட்டு மட்டும் வரமாட்டீங்குது. ரெண்டையும் எப்படிச் சேத்தறது?"

எந்த ஒயரை எந்த ஓட்டையில் செருகுவது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி எல்லார் வீட்டுக்கும் ஒன்றாக இருக்காது. எங்கள் குடும்பத்திலேயே மூன்று வீடுகள். மூன்றிலும் மூன்று விதமாகப் போட்டிருக்கிறேன். அதில் ஒன்றைத் தப்பாகப் போட்டு, அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து கோபிக்கு எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டியும் போயிருக்கிறேன்.

முதலில் குழப்பம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்துவிடலாம். 2005 வாக்கில் டெலிபோன் ஒயர் வழியாக பிராட்பேண்ட் வந்த காலத்தில் பல வீடுகளில் மோடம் மோடமாக மட்டும் இருந்தது. லைனில் வரும் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவதோடு அதன் வேலை முடிந்தது. வீட்டில் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டரின் வேலை. இப்போது ஃபைபர் இணைப்போடு வரும் டப்பா அப்படியில்லை. ஒளியை மின்சிக்னலாக மாற்றுவது, பிரித்துக் கொடுப்பது, ஒயிஃபை தருவது, டெலிபோனுக்கு ஓர் இணைப்பு என்று எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. நாம் அதை இன்னும் பழக்கதோஷத்தில் மோடம் என்கிறோம். அதன் பக்கத்தில் கடையில் வாங்கிய ரவுட்டரை வைத்தால் வீட்டில் ஒரு மோடமும் ஒரு ரவுட்டரும் இருப்பதில்லை. இரண்டு ரவுட்டர்கள் இருக்கின்றன. இரண்டும் "நான்தான் வீட்டுக்குப் பெரியவன்" என்று நிற்கும்.

மச்சான் வீட்டில் நடந்ததும் அதுதான். நெட்காரர் டப்பாவின் முகவரி 192.168.1.1. புது ரவுட்டரும் ஃபேக்டரியிலிருந்து அதே 192.168.1.1 என்றே வந்திருக்கிறது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? சில ரவுட்டர்கள் இதைத் தாமாகவே கண்டுபிடித்து எண்ணை மாற்றிக்கொள்ளும். இது மாற்றிக்கொள்ளவில்லை. புது ரவுட்டரை 192.168.5.1 என்று மாற்றச் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் நெட் வந்துவிட்டது. மச்சானுக்கு அதோடு சந்தோஷம். பத்து நிமிஷம் கழித்து அக்கா கூப்பிட்டு, "பிரிண்டர் காணாமப் போயிருச்சு" என்றாள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில்: இரண்டாவது டப்பா வேண்டுமா?

பாதி வீடுகளில் வேண்டாம். நெட்காரர் வந்த அன்றைக்கு அவருக்கு எது கைக்கு எட்டியதோ அங்கே டப்பாவை மாட்டிவிட்டுப் போயிருப்பார். ஜன்னல் ஓரம், டிவிக்குப் பின்னால், சில வீடுகளில் இரும்பு பீரோவுக்கு மேலே. இரும்புத் தகட்டுக்குப் பின்னால் ஒயிஃபையை வைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்றால் எப்படி வரும்? டப்பாவை வீட்டின் நடுவுக்கு, ஆள் உயரத்துக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போகலாம். ஃபைபர் ஒயரை நீங்களே இழுத்து மடக்காதீர்கள். அது கண்ணாடி, கூர்மையாக மடங்கினால் உள்ளே ஒளி கசிந்து சிக்னல் குறைந்துவிடும். லைன்காரரைக் கூப்பிட்டுச் சொன்னால் நகர்த்தித் தருவார்.

இன்னொன்று, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு ஒயிஃபை பெயர்கள் தெரியும். 5 வேகமானது, ஆனால் சுவர் தாண்டுவதில் சோனி. 2.4 மெதுவானது, சுவர் தாண்டும். பக்கத்து வீட்டு ஒயிஃபைகளோடு மோதினால் 2.4-ல் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அவை மூன்றும்தான்.

இதெல்லாம் செய்தும் போதவில்லையென்றால், சரி, ரவுட்டர் வாங்கலாம். ஆனால் கடையில் "ஏடிஎஸ்எல் ரவுட்டர்" என்று பழைய சரக்கைக் கொடுத்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். அது டெலிபோன் ஒயர் செருகும் ரகம். ஃபைபர் வீட்டில் உங்களுக்கு உதவாது.

கோபி வீடு: பிரிட்ஜ் போட்டு நான் பட்ட பாடு

அப்பா அம்மா இருப்பது கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில். தாத்தா கட்டிய வீடு. சுவரெல்லாம் இரண்டு முழம் இருக்கும். ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் டப்பா; அங்கிருந்து சமையலறைக்குப் போனாலே சிக்னல் ஒரு கோடுதான். திண்ணையில் உட்கார்ந்து அப்பா மஞ்சள் விலை பார்க்க வேண்டும். அதனால் ஒரு ரவுட்டர் வாங்கிக்கொண்டு போனேன்.

அப்போது எனக்குப் பிரிட்ஜ் மேல் ஒரு மோகம். பிரிட்ஜ் மோடு என்றால் நெட்காரர் டப்பாவைப் பழையபடி வெறும் மோடமாக்கிவிடுவது. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு நெட்டைக் கூப்பிடும் வேலை முதற்கொண்டு எல்லாம் நம் ரவுட்டருக்கு வந்துவிடும். வீட்டில் ஒரே பெரியவர், கணக்கு சுத்தம். போட்டேன். நாலு மாதம் பிரமாதமாக ஓடியது.

ஒரு நாள் சாயங்காலம் மழை, இடி. கரண்ட் இரண்டு மூன்று முறை போய்ப் போய் வந்திருக்கிறது. டப்பா செத்துவிட்டது. மறுநாள் லைன்காரர் வந்து புது டப்பா மாட்டிவிட்டுப் போய்விட்டார். புது டப்பா பிரிட்ஜில் இல்லை. அதுவே நெட்டைக் கூப்பிட்டுக்கொண்டது. என் ரவுட்டரோ தன் பங்குக்கு யூசர்நேம், பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆளில்லை.

அப்பா போனில், "கண்ணு, பச்சை லைட்டெல்லாம் எரியுது. நெட்டுதான் வரலை" என்றார்.

"லைன்காரருகிட்டக் குடுங்கப்பா."

அவர் சொன்னார்: "லைன் நல்லாத்தான் இருக்குதுங்க. உங்க ரவுட்டர்லதான் ஏதோ பிரச்சனைங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த டப்பாவின் ஒயிஃபையில் அவர் போனில் நெட் வந்தது. அது எங்கள் பொறுப்பு என்று ஆக்கியதே நான்தான். டப்பாவின் செட்டிங்ஸுக்குள் போய் நாலு பக்கம் தாண்டி மாற்ற வேண்டியதை எழுபத்திரண்டு வயது மனிதருக்கு எப்படிப் போனில் சொல்வது? சனிக்கிழமை வண்டியெடுத்தேன்.

அன்றைக்கே பிரிட்ஜை விட்டுவிட்டு ஏபி முறைக்கு மாற்றினேன். ஆக்சஸ் பாயிண்ட். இதில் நெட்காரர் டப்பாதான் பெரியவர். நம் ரவுட்டர் தன் அதிகாரத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒயிஃபையை மட்டும் வீட்டின் மறுகோடியில் வீசும். புதிய ரவுட்டர்களில் "ஏபி மோடு" என்று நேரடியாகவே இருக்கும். ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். அது இல்லாத பழைய ரவுட்டரில் கையால் செய்ய வேண்டும். ரவுட்டரின் ஒயிஃபை பெயர், பாஸ்வேர்டை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். நெட்காரர் டப்பா மற்ற சாதனங்களுக்குப் பங்கிடும் எண்களுக்குள் அது வராமல் இருக்க வேண்டும். அடுத்து டிஎச்சிபி என்பதை அணையுங்கள். வீட்டுக்கு வரும் போன், லேப்டாப்புக்கெல்லாம் முகவரி எண் கொடுப்பது அதுதான். இரண்டு பேர் அதைச் செய்தால் போன் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது, காரணமே பிடிபடாது. கடைசியாக, டப்பாவின் லான் (LAN) ஓட்டையிலிருந்து, அதாவது வீட்டுச் சாதனங்களுக்கான ஓட்டையிலிருந்து, வரும் ஒயரை ரவுட்டரின் லான் ஓட்டையில் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும், வெளியிலிருந்து நெட் வாங்கும் வான் (WAN) ஓட்டையில் அல்ல. இந்த முறையில் அது சும்மா கிடக்கும்.

அந்த வான் ஓட்டை மேல் நான் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன். காயத்துக்கு ஒட்டுவோமே, அதுதான். சாம்பிராணி போடும்போது துடைக்கிறேன் என்று யாராவது ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினால், இருக்கிற நாலு ஓட்டையில் எதில் செருகினாலும் வேலை செய்யும். வேலை செய்யாத ஒன்று மூடியிருக்கிறது. அப்பா இன்னொரு பிளாஸ்திரித் துண்டை ஒயரில் சுற்றி, பால்பாயிண்ட் பேனாவால் "இதைப் புடுங்கக் கூடாது" என்று எழுதிவைத்திருக்கிறார்.

ஏபி முறையில் எனக்குப் பிடித்தது இதுதான். லைன்காரர் நாளைக்கு வேறு டப்பா கொண்டுவந்து வைத்தாலும், அதன் முகவரி வேறாக இருந்தாலும், அந்த ஒயரைச் செருகினால் போதும். ரவுட்டருக்கு எதுவும் தெரியத் தேவையில்லை. நெட் வரவில்லை என்றால் அது லைன்காரர் பாடு, அவரே பார்த்துக்கொள்வார். டிவி, போன், பிரிண்டர் எல்லாம் ஒரே வலைக்குள் இருப்பதால் ஒன்றையொன்று பார்க்கும். ஒரே ஒரு ஆபத்து, பழைய ரவுட்டரில் யாராவது ஊக்கை விட்டு ரீசெட் பட்டனை அழுத்திவிட்டால் டிஎச்சிபி மறுபடி உயிர்பெற்றுவிடும். அந்தக் குட்டி ஓட்டைக்கும் பிளாஸ்திரிதான்.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, நாம் வெளியூரில் இருக்கும் வீடு என்றால் ஏபியைத் தவிர வேறெதையும் நான் சொல்லமாட்டேன்.

பிரிட்ஜ் யாருக்குப் பொருந்தும்?

அப்படியென்றால் பிரிட்ஜ் வேண்டாமா? என் சொந்த வீட்டில், கோவையில், இன்றைக்கும் பிரிட்ஜில்தான் ஓடுகிறது. காரணம், கெட்டுப்போனால் சரிசெய்ய நான் அங்கேயே இருக்கிறேன். பையனின் டேப்லெட்டை இரவு ஒன்பதுக்கு மேல் நிறுத்துவது, ஒறம்பரை வந்தால் தனி ஒயிஃபை கொடுப்பது, ஆபீஸ் வேலைக்கு முன்னுரிமை வைப்பது எல்லாம் நல்ல ரவுட்டரில் ஒழுங்காக நடக்கிறது. இருபது சாதனம் சேர்ந்ததும் மூச்சுத் திணறிய நெட்காரர் டப்பாவுக்கு இப்போது ஒரே வேலைதான், அதுவும் திணறுவதில்லை.

ஆனால் இறங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (ஒரே லைனில் வரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்ட நெட்காரர் வைத்திருக்கும் எண்), டப்பாவின் செட்டிங்ஸுக்குள் நுழையும் பாஸ்வேர்டு. நெட்காரரிடமே கேளுங்கள். சில நிறுவனங்கள் பிரிட்ஜுக்கு இடமே தருவதில்லை. அங்கே அடம்பிடித்துப் பயனில்லை. எதையும் தொடுமுன் டப்பாவின் செட்டிங்ஸில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, லேண்ட்லைன் போனும் அதே டப்பாவில் ஓடினால் அதற்குத் தனி இணைப்பு ஒன்று உள்ளே இருக்கும். இன்டர்நெட் என்று இருப்பதை மட்டும் பிரிட்ஜாக்க வேண்டும். போன் இணைப்பில் கைவைத்தால் டயல்டோன் போய்விடும். அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இங்கே ஒயர் போவது ரவுட்டரின் வான் ஓட்டைக்கு. ரவுட்டரில் பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு நெட்டைக் கூப்பிடும் முறை) என்பதைத் தேர்ந்து அந்த இரண்டையும் கொடுக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் நெட் ஏறவில்லையென்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, பழைய டப்பாவின் வன்பொருள் எண்ணோடு உங்கள் கணக்கைப் பூட்டி வைத்திருப்பார்கள். போன் செய்து விடுவிக்கச் சொல்ல வேண்டும். இன்னொன்று, பழைய இணைப்பு அந்தப் பக்கம் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டையும் அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து போடுங்கள். நெட் ஏறியும் சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் எம்டியு எண்ணைப் பாருங்கள். ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பது அது. சாதாரணமாக 1500 பைட் போகும் பொட்டலத்தில் பிபிபிஓஈ தனக்கென்று 8 பைட் எடுத்துக்கொள்கிறது. அதனால் 1492 இருக்க வேண்டும்.

பலர் பிரிட்ஜ் போட ஆசைப்படுவது தோட்டத்துக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க. அதற்காக என்றால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் வெளி முகவரி 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், நெட்காரர் அவர் பக்கத்திலேயே பல வீடுகளை ஒரே முகவரிக்குள் அடைத்திருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் வீட்டில் எத்தனை பிரிட்ஜ் கட்டினாலும் வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. நிலையான ஐபி, அதாவது உங்களுக்கே உங்களுக்கென்று மாறாத வெளி முகவரி, காசு கொடுத்து வாங்க வேண்டும். அல்லது இப்போது வரும் பல கேமராக்கள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து ஆப்பில் பார்க்கிற ரகம். அவற்றுக்குப் பிரிட்ஜே வேண்டாம்.

ரிப்பீட்டர், மெஷ், ஒயர்

ஒயிஃபையை வாங்கித் திருப்பி வீசும், பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் விலை குறைவு. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரகமென்றால் வேகம் பாதியாகிவிடும். வாட்ஸ்அப்புக்குப் போதும், வேலைக்குப் போதாது. மெஷ் என்றால் இரண்டு மூன்று டப்பாக்கள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே ஒயிஃபை தருவது. அது நன்றாக இருக்கும். காசும் அதற்கேற்ற மாதிரி. டைல்ஸ் போட்டு முடித்த, ஒயர் இழுக்கவே முடியாத வீட்டுக்கு அதுதான் வழி. மெஷ்ஷையும் நெட்காரர் டப்பாவுக்குப் பின்னால் வைக்கும்போது ஏபி முறையில் வையுங்கள்.

ஒயர் இழுக்க முடிந்தால் ஒயர்தான். ஒரே இழுப்பில் நூறு மீட்டர் வரை போகலாம். உள்ளே எட்டு கம்பி இருக்கும். கடைக்காரர் சோம்பேறித்தனப்பட்டு நாலை மட்டும் முனையில் சேர்த்து அழுத்தினால் (கிரிம்ப் செய்தால்) 100 எம்பிக்கு மேல் ஏறாது. 200 எம்பி பிளான் போட்டும் 94-லேயே நின்றால் முதலில் அந்த முனையைப் பாருங்கள். அடுத்து டப்பாவின் ஓட்டை கிகாபிட்தானா (1000 எம்பி வரை போகும் ரகமா) என்று பாருங்கள். வீட்டிலிருந்து தோட்டத்துச் சாளைக்கோ (குடிசைக்கோ) மோட்டார் ரூமுக்கோ வெட்டவெளியில் போவதென்றால் செம்பு ஒயர் வேண்டாம். இடி விழுந்தால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சுட்டுவிடும். ஃபைபர் இழுத்து இரண்டு பக்கமும் ஒளியையும் மின்சிக்னலையும் மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் போடுங்கள். குழாய்க்குள் விட்டு இழுங்கள், இல்லையென்றால் அணில் கடித்துவிடும்.

கரண்ட் விஷயம் ஒன்று. இரண்டு டப்பாவின் அடாப்டர்களும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்று 12 வோல்ட், ஒன்று 9 வோல்ட்டாக இருக்கலாம். மாற்றிச் செருகினால் ஒன்று எரியும், இல்லை வேலை செய்யாமல் மானத்தை வாங்கும். மினி யூபிஎஸ் வாங்கும்போதும் இதைப் பார்த்து, இரண்டுக்கும் சேர்த்து வாங்குங்கள். டப்பாவுக்கு மட்டும் யூபிஎஸ் வைத்துவிட்டு ரவுட்டர் அணைந்து கிடந்தால் என்ன பிரயோஜனம்?

அக்காவின் பிரிண்டர்

மச்சான் வீடு கீழே பத்துத் தையல் மிஷின், மேலே குடியிருப்பு. நெட்காரர் டப்பா கீழே. அவருக்கும் ஏபி போட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரிண்டர் பிரச்சனையும் அதோடு தீர்ந்துவிடும். பிறகு கேட்டேன்: "கீழ வேலைக்கு வர்றவங்களுக்கெல்லாம் ஒயிஃபை பாஸ்வேர்டு குடுத்திருக்கீங்களா மச்சான்?"

"குடுக்காம என்ன பண்றது மாப்ளே, மத்தியானம் சாப்புடறப்ப பாட்டு கேக்கறாங்க."

அப்படியென்றால் ஏபி வேண்டாம். எல்லோரும் திட்டும் அந்த முதல் முறையே, இரண்டு ரவுட்டர் ஒன்றன் பின் ஒன்றாக, இங்கே நல்லது. டப்பாவின் லானிலிருந்து ரவுட்டரின் வானுக்கு ஒயர்; இரண்டுக்கும் வெவ்வேறு முகவரி. இதில் உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியே இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. கீழே யார் போனில் என்ன வைரஸ் இருந்தாலும் மேலே அக்காவின் கணக்கு லேப்டாப் அவர்கள் கண்ணில் படாது. ஆன்லைன் விளையாட்டில் சில தகராறு பண்ணும். அங்கே விளையாடும் வயதில் யாருமில்லை. யூடியூப், வீடியோ கால், பேங்க் எதுவும் இதனால் நிற்காது.

பிரிண்டர் காணாமல் போனதும் இதனால்தான். அது கீழே பழைய ஒயிஃபையிலேயே இருந்தது; அக்காவின் லேப்டாப் மேலே புது ரவுட்டருக்கு மாறிவிட்டது. பிரிண்டரைத் தானாகத் தேடும் வேலை ஒரு ரவுட்டரைத் தாண்டி நடக்காது. ஆனால் முகவரி தெரிந்தால் உள்ளிருந்து வெளியே கூப்பிடலாம். நெட்காரர் டப்பாவில் பிரிண்டருக்கு 192.168.1.50 என்று நிலையான எண் ஒதுக்கினோம். லேப்டாப்பில் "தேடு" என்பதை விட்டுவிட்டு, அந்த எண்ணைத் தட்டிப் பிரிண்டரைச் சேர்க்கச் சொன்னேன். அக்கா ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். கீழேயிருந்து மச்சான் கத்துவது போனில் கேட்டது: "வந்துருச்சு! டெலிவரி சலான் நாலு காப்பி வந்துருச்சு, நிறுத்து!"